உரோம ராணியின் தபாலட்டை

அந்த வருஷங்களில் நானும் மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணையும் டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில் ஒரே அறையில் இருந்தோம். இருவரின் மனைவிமாரும் ஊரில். அவர்களைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்கள், மற்றத் தமிழரின் விண்ணப்பங்களோடு சேர்ந்து, கொப்பன்ஹேகனில் கிடந்தன. பதில் மட்டும் வராது.

ஞாயிறுகளில் நூதனசாலைக்குப் போவோம். உள்ளே சூடு, ரிக்கெற்றும் இல்லை. ஒருநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு உரோமத் தங்க நாணயத்தைக் கண்டோம். பெருவிரல் நகத்தளவு. ஒரு பக்கம் கொண்டை போட்ட மகாராணி. மறுபக்கத்தைப் படமாகப் பெரிதாக்கி அருகில் ஒட்டியிருந்தார்கள்: கைக்குழந்தையோடு ஒரு பெண், காலடியில் இன்னும் இரண்டு பிள்ளைகள். கீழே ‘ஃபுரொக்ட்பாஹெட்’ என்று ஒரு நீண்ட டேனிஷ் சொல். ‘ஃபுரொக்ட்’ என்றால் பழம் என்று மொழி வகுப்பில் படித்திருந்தேன்.

“பழம் வாங்கிற காசு, அண்ணை.”

நாங்கள் அந்தச் சொல்லில் விரல் வைத்துத் தடுமாறுவதைக் கண்டு, காவலுக்கு நின்ற டேனிஷ் அம்மா தன் வயிற்றுக்கு முன்னால் காற்றில் பெரிய வட்டம் போட்டுக் காட்டினா. பிள்ளைவரம்! அண்ணை அதிலேயே முழங்காலில் விழுந்து சிலுவை போட்டார். அந்த அம்மா பயந்து ஓடிவந்தா.

“இவருக்குப் பிள்ளை இல்லை,” என்றேன்.

அவவின் முகம் இளகியது. “டொக்டரிட்டக் காட்டினவரோ?”

“டொக்டரிட்ட இல்லை. கொப்பன்ஹேகனுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்.”

“பிள்ளைக்கோ?”

“ஓம். மூன்று வருஷமாப் பதில் இல்லை.”

“மனைவி எங்கே?”

“இலங்கையில.”

அவ கதிரையில் இருந்துவிட்டா. பிறகு எழும்பிப் போய், அந்த நாணயத்தின் படம் போட்ட தபாலட்டைகள் இரண்டு கொண்டுவந்து எங்களுக்குத் தந்தா.

அண்ணை தன்னுடையதைத் தலையணைக்குக் கீழே வைத்தார். நான் என்னுடையதை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். பின்னால், ‘இவவை நினைச்சுக் கும்பிடும்’ என்று மட்டும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து மனைவியின் பதில் வந்தது.

‘ஆர் இந்தப் பொம்பிளை? மூன்று பிள்ளை வேற. நான் ஏன் அவவைக் கும்பிட வேணும்? அப்பா கொதிச்சுக்கொண்டிருக்கிறார்.’

அவ செத்து ஆயிரத்தெண்ணூறு வருஷம் என்று விளங்கவைக்க எனக்கு மூன்று கடிதம் தேவைப்பட்டது. மாமாவுக்குத் தனியாக ஒன்று.

தமிழரின் விண்ணப்பங்களை மந்திரி வேணுமென்றே முடக்கிவைத்த விஷயம் பேப்பர்களில் நாறத் தொடங்கிய பிறகுதான் அவை அசைந்தன. என் மனைவி வந்தாள். விமான நிலையத்தில் என்னை மேலும் கீழும் பார்த்து, “நல்லா மெலிஞ்சு போனியள்,” என்றாள். பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அண்ணையின் மனைவி வர இன்னும் ஒரு வருஷமானது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பில் உறைப்புக் காணாது என்று ஒவ்வொரு முறையும் குறை சொல்லுவார். என் மனைவியும் ஒவ்வொரு முறையும் அவரோடு சண்டைக்குப் போவாள்.