பருத்தித்துறை மோலே

நான் வேலை செய்யும் உணவகத்தின் மெனுவில் ஒரு வரி இருந்தது: "எங்கள் மோலே, வஹாக்காவில் பிறந்த சமையல்காரரின் கைப்பக்குவம்." அந்தச் சமையல்காரர் நான்தான். நான் பிறந்தது பருத்தித்துறையில். வஹாக்கா என்ற ஊர் மெக்சிக்கோவின் எந்த மூலையில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், போன வருடம் வரைக்கும் திருதிருவென்று முழித்திருப்பேன்.

மோலே என்பது ஒரு குழம்பு. நாலைந்து வகைக் காய்ந்த மிளகாய், எள், கச்சான் கடலை, பாதாம், தக்காளி, கடைசியில் கொஞ்சம் சொக்லேற். எல்லாவற்றையும் வறுத்து அரைத்துக் கருகருவென்று காய்ச்சிக் கோழியின் மேல் ஊற்றுவது. ரொறொன்ரோ நகர நடுவில் இருக்கும் எங்கள் கடைக்கு ஆட்கள் வருவதே அதற்காகத்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. வேறு யாரும் சொல்லப் போவதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த நகரத்தில் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேரைப்போல நானும் சாப்பாட்டுக் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். பிறகு கிழங்கு உரித்தேன், சலாட் வெட்டினேன், அடுப்படிக்கு வந்தேன். இத்தாலியச் சாப்பாடு, கிரேக்கச் சாப்பாடு எல்லாம் செய்து முடித்து இந்தக் கடைக்கு வந்தபோது, எனக்குப் பக்கத்து அடுப்பில் மோலேக்குப் பேர்போன புவேப்லா என்ற மெக்சிக்கோ ஊரைச் சேர்ந்த ஒருவர் நின்றார். மோலேயை எனக்குக் காட்டித் தந்தவர் அவர். அவர் ஊருக்குத் திரும்பிப் போனதும் அகப்பை என் கைக்கு வந்தது. ஒருமுறை அவர் சொன்ன மிளகாய் கடைக்கு வந்து சேரவில்லை. மனைவி வீட்டில் வறுத்து அரைத்த கறித்தூளைப் போத்தலில் கொண்டுபோய் இரண்டு கரண்டி போட்டேன். அன்றைக்குக் கோப்பைகள் எல்லாம் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தன. என்ன செய்தாய் என்று முதலாளி கேட்டார். கவனமாக வறுத்தேன் என்றேன். அதன் பிறகு அந்தத் தூள் இல்லாமல் நான் மோலே காய்ச்சியதில்லை.

எங்கள் குசினியில் இரண்டு சட்டங்கள். கொதிக்கிற சட்டியோடு ஒருவருக்குப் பின்னால் போனால் "பிஹைன்ட்" என்று கத்த வேண்டும். கேட்டவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்க வேண்டும். முதலாளியாக இருந்தாலும் இதுதான். ரொறொன்ரோவில் எந்தக் குசினிக்குப் போனாலும் இந்தச் சட்டம் இருக்கும். வீட்டில் சோறு வடிக்கப் போகும்போதும் என் வாயில் அதுதான் வரும். இரண்டாவது சட்டம் எனக்கு மட்டும் உரியது. சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் ஆடுகதவை நான் தாண்டக் கூடாது. யாராவது சமையல்காரரைப் பார்க்க வேண்டுமென்று கேட்டால், அவர் கூச்ச சுபாவம் என்று முதலாளி சொல்லிவிடுவார். என்னுடைய கூச்ச சுபாவத்தை என் மனைவியிடம் கேட்க வேண்டும்.

போன வருடம் ஒரு மதியம், சாப்பிட வந்த கூட்டம் ஒன்று சமையல்காரரைப் பார்க்காமல் எழும்ப மாட்டோம் என்று நின்றது. முதலாளி உள்ளே வந்தார். எங்கள் எல்லாரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சலாட் வெட்டுகிறவர் எக்குவடோர்க்காரர், ஸ்பானிஷ் பேசுவார். வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமை. அவருக்கு ஒரு புது ஏப்ரனைக் கட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவில் இருக்கும் வட்டக் கண்ணாடியால் பார்த்தேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். அந்த மனிதர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் "சொறி" என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை. நான் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டி அடுப்பில்லாமலே கொதித்திருக்கும்.

பின்னேரம் முதலாளியிடம் போய் ஏன் என்று கேட்டேன்.

"ஆட்கள் சாப்பிட மட்டும் வருவதில்லை. ஒரு கதைக்கும் வருகிறார்கள்," என்றார். "நீ மெக்சிக்கோக்காரனா, சொல்லு?"

ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தேன். நான் இருக்கும் ஸ்காபரோவுக்குப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. முதலாளியும் மெக்சிக்கோக்காரர் இல்லை என்பது வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

என் மனைவி மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறாள். விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைப் பெட்டியில் அடுக்குவதுதான் வேலை.

"நான் எத்தினை வருசமாப் பிளேனுக்குச் சாப்பாடு கட்டுறன். கனடாவுக்கு வந்த பிறகு ஒருக்காலெண்டாலும் அதிலை ஏறினனோ?" என்றாள். "உந்த ஊரை நேரிலை போய்ப் பாப்பம். நீங்கள் பிறந்த ஊரல்லோ!"

நக்கல்தான். ஆனால் நான் சரி என்றேன். வஹாக்காவில் வெளியூர்க்காரர்களுக்குப் பழைய முறைச் சமையல் வகுப்பு நடத்தும் பெண் ஒருவர் இருப்பதைத் தேடிப் பிடித்துப் பதிந்தேன். மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். அந்த ஊர்க்காரி ஒருத்தி என் மோலேயை நாக்கில் வைத்து "இது சரி" என்று சொன்னால், திரும்பி வந்து அந்த ஆடுகதவைத் தாண்டுவேன். பிழை என்று சொன்னால், பென்சன் எடுக்கும்வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.

வகுப்பு அந்தப் பெண்ணின் வீட்டு முற்றத்தில் நடந்தது. எங்கள் வயதுதான் இருக்கும். எங்களுடன் ஒரு ஜேர்மன் தம்பதி, ஒரு தாயும் மகளும். நான் ஒன்றும் தெரியாதவன்போல வெங்காயத்தை மெதுவாக வெட்டினேன். அது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் மனைவி கோழி அவித்த தண்ணீர் பட்ட எதையும் வாயில் வைக்க மாட்டாள். ஓரத்தில் கதிரையைப் போட்டு எல்லாரையும் வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோசைக்கல் மாதிரியான மண் தட்டில் மிளகாய் வறுபட்டது. மணம் வந்ததும் என் பங்கை இறக்கினேன். அந்தப் பெண் அவற்றைத் திரும்பவும் நெருப்பில் போட்டார். கரி நிறம் வந்த பிறகும் எடுக்க விடவில்லை. எங்கள் வீட்டில் தூளுக்கு மிளகாய் வறுத்து அப்படிக் கருகினால் அன்றைக்கு வீட்டில் சண்டை. எல்லாரும் இருமினார்கள். மனைவி மட்டும் இருமவில்லை.

"தூள் வறுக்கேக்கை புகை மணியின்ரை பற்றறியைக் கழட்டுற எங்களுக்கு உதெல்லாம் ஒரு புகையே?" என்றாள்.

பிறகு கோழித் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி வரச் சொன்னார். தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் முதுகுப் பக்கமாகப் போனேன். என்னை அறியாமலே கத்திவிட்டேன்: "பிஹைன்ட்!"

அவர் திரும்பிப் பார்க்காமல் ஒதுங்கினார். ஒதுங்கிய பிறகுதான் திரும்பினார். சிரித்தார்.

"எந்தக் குசினி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நான் சிக்காகோவில். ஒன்பது வருடம்."

நான் சட்டியை இறக்கி வைத்தேன். மனைவி கதிரையை விட்டு எழும்பினாள். "ஏன் ஊமை மாதிரி நிக்கிறியள்? சொல்லுங்கோவன்." பிறகு அவளே தன் ஆங்கிலத்தில் சொன்னாள். இவர் குக். ரொறொன்ரோவில் இதைத்தான் இருபது வருடமாகக் காய்ச்சுகிறார்.

அந்தப் பெண் அகப்பையை என்னிடம் நீட்டினார். உன் முறையில் காய்ச்சு, பார்ப்போம் என்றார். மனைவி கைப்பையைத் திறந்து தூள் போத்தலை எடுத்தாள். எங்கே போனாலும் தூள் இல்லாமல் போகாத ஆள் அவள். நான் காய்ச்சினேன்.

அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். பிறகு இன்னொரு கரண்டி.

"இது எங்களுடையது இல்லை," என்றார்.

அவ்வளவு தூரம் பறந்து போனது இதைக் கேட்கவா என்றிருந்தது.

"நல்லாயிருக்கிறது. மிக நல்லாயிருக்கிறது. ஆனால் எங்களுடையது இல்லை, புவேப்லாவுடையதும் இல்லை. இது யாருடையது?"

அதற்குள் மனைவி தன் போனில் எங்கள் கடை மெனுவின் படத்தை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் வாசித்தார். முகம் இறுகியது.

"சிக்காகோவில் நான் இத்தாலியச் சாப்பாடு சமைத்தேன். மெனுவில் ஒரு இத்தாலியக் கிழவரின் படம் இருக்கும். அவரை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. சமைத்ததெல்லாம் நாங்கள்." போனைத் திருப்பித் தந்தார். "என் ஊரின் பெயரை இந்தக் கடுதாசியில் இருந்து எடு."

"நான் முதலாளி இல்லை," என்றேன்.

"காய்ச்சுவது நீதானே?"

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அவருடைய ஊரைச் சொந்தம் கொண்டாட ஒரு கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அந்த ஊர் எனக்கு எதற்கு? புவேப்லாக்காரர் காட்டித் தந்ததும், என் மனைவி வறுத்ததும், நான் இருபது வருடம் கிண்டியதும் சேர்ந்து சட்டியில் கிடந்தது. அதற்கு இன்னொருவரின் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை.

ரொறொன்ரோவுக்குத் திரும்பிய முதல் நாளே முதலாளியிடம் போனேன். வஹாக்காவை எடுங்கள், உண்மையைப் போடுங்கள் என்றேன். தூளைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உன் ஊரை யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு இருபது வருடமாகத் தெரியும். அந்த ஊர் ருசியைத்தான் விற்கிறீர்கள்."

அப்படியென்றால் அந்தத் தூளைப் போடாமல் சமை என்றார். சமைத்தேன். அந்தக் கிழமை முழுக்கக் கோப்பைகள் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வந்தன. வெள்ளிக்கிழமை அவரே அடுப்படிக்கு வந்து, "போட்டுத் தொலை," என்றார்.

"மெனுவில் எங்களைப் போடுங்கள், சட்டியில் தூளைப் போடுகிறேன்," என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். சனிக்கிழமை நான் தூளைப் போட்டேன். அவருக்காக இல்லை. என் கையால் செய்ததை ஆட்கள் மிச்சம் விடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அன்று மதியம் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு மேசையில் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களாம். முதலாளி புது ஏப்ரனோடு உள்ளே வந்தார். சலாட் வெட்டுகிறவர் தலையைக் குனிந்தபடி கத்தியைக் கீழே வைத்தார்.

நான் மோலேச் சட்டியின் இரண்டு காதுகளையும் துணியால் பிடித்துத் தூக்கினேன். முதலாளி ஆடுகதவுக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பிஹைன்ட்!"

ஒதுங்கிவிட்டார். அவருக்கும் நாற்பது வருடக் குசினிப் பழக்கம், கால் தானாக நகர்ந்தது. யார் போகிறது என்று அவர் திரும்பிப் பார்க்கும்போது நான் கதவைத் தோளால் தள்ளி வெளியே போய்விட்டேன்.

மண்டபம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அந்த மேசையில் சட்டியை வைத்தேன். "நான்தான் சமையல்காரன்," என்றேன். "நான் வஹாக்காக்காரன் இல்லை. இலங்கையில் பருத்தித்துறை. இதைக் காட்டித் தந்தவர் புவேப்லாக்காரர். இதற்குள் இருக்கும் தூள் என் மனைவி வறுத்தது." ஏப்ரன் முழுக்கக் கறை. யாரும் கை தட்டவில்லை. தலை நரைத்த பெண் ஒருவர் தன் கோப்பையை என்னிடம் நீட்டினார். நிரப்பி ஊற்றினேன்.

முதலாளி என்னை நிற்பாட்டவில்லை. அந்தச் சட்டியைக் காய்ச்ச வேறு ஆள் இல்லை. புது மெனுவில் வஹாக்கா இல்லை. படம் எடுத்து வஹாக்காப் பெண்ணுக்கு அனுப்பினோம். ஆனால் அந்த இடத்தில் எங்கள் பெயரும் இல்லை, வெறுமையாக விட்டிருக்கிறார். அதனால் காலையில் வேலைக்கு வந்ததும் வாசல் கரும்பலகையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் நானே எழுதுகிறேன்: பருத்தித்துறை மோலே. பத்து மணிக்கு முதலாளி வந்து அழிப்பார். நான் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஆடுகதவைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்ப எழுதுவேன். வெண்கட்டி என் ஏப்ரன் பையில்தான் இருக்கிறது.