லைல் வைத்த சிவப்புப் பொட்டு

என் தங்கை கார்லிஸ், லைல் பிராண்ட்வோல்டைக் கட்டிக்கொண்டபோது, எங்கள் ஊரில் அவன் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். அதைப் பெரிய மரியாதையாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "இந்த மொன்டானா மாநிலம் மொத்தத்தையும் அவன் சந்தேகப்படட்டும் டுவேன். என்னைக்கு என்னையும் அந்த வரிசையில நிறுத்துறானோ, அன்னைக்கு நான் கெளம்பிடுவேன்" என்று கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லைலை அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

பண்ணை வீடுகளுக்கு எரிவாயு கொண்டுபோய்த் தொட்டியில் நிரப்புகிற லாரி ஓட்டுவது அவன் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு முற்றத்தில் நிற்கிறவன் என்பதால் எல்லோரைப் பற்றியும் அவனிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது, ஒன்றுகூட நல்லதாக இல்லை. பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறதா என்று சொந்தக் கேனில் பிடித்துப் பார்ப்பான். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தால், வீட்டுக்கு வந்து தன் கருவியில் மறுபடி பார்ப்பான். கூரை, கார், தண்ணீர்க்குழாய் எதற்கும் அவன் ஆள் கூப்பிட்டதில்லை. ஒருமுறை தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கப் பார்த்து, பாதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மான் கறி விஷயம் ஊருக்கே தெரியும். அடித்த மானை வெட்டித் தரச் சொல்லிக் கறிக்கடையில் கொடுத்தால், வேறு எவனோ அடித்த மானின் கறியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. நாங்கள் பயந்துகொண்டே கொடுப்போம். லைல் ஒரு வருஷம் தொடைக்குள் சின்ன இரும்பு நட்டு ஒன்றைச் செருகிக் கொடுத்தான். நட்டு திரும்பி வந்தது, கறிக்கடைக்காரனின் ரம்பம் பல் உடைந்த சேதியோடு. அவனுக்கு அதில் துளிக்கூட வெட்கம் இல்லை. இந்த வருஷம் அந்த ஆள் ஒழுங்காக இருந்திருக்கிறான் என்று சான்றிதழ் கொடுத்தான்.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு பழைய பிஸ்டல். சனிக்கிழமைகளில் எங்கள் கிளப்பில் இரும்புத் தட்டுகளை வரிசையாக நிறுத்தி, யார் சீக்கிரம் சாய்க்கிறார்கள் என்று போட்டி வைப்போம். பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. லைல் எப்போதும் கடைசிக்குப் பக்கத்தில் வருவான். அவன் துப்பாக்கியின் விசை கனம், இழுத்தால் மணலில் நடப்பது போல நறநறவென்று வரும். குறை விசையில் பாதி, அவன் கையில் பாதி என்பது என் கருத்து. அதை அவனிடம் யார் சொல்வது?

விசையை இளக்கிக்கொள்ளும் விஷயத்தில் எங்கள் கிளப் இரண்டு கட்சி. விசைக்கான உதிரிச் சாமானைத் தபாலில் வரவழை, வீடியோவைப் பார், சமையலறை மேஜையில் அரை மணி நேர வேலை என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சிக்காரர்கள் எல்லோருமே ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்து, தெறித்துப்போன ஸ்பிரிங்கைத் தேடியவர்கள். மெர்ல் ஓக்ஸிடம் கொடுத்துவிடு என்பது இன்னொரு கட்சி. மெர்ல் தன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் துப்பாக்கி பழுதுபார்ப்பவர். மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். வேலை சுத்தம், ஆனால் வாரக்கணக்கில் காக்க வைப்பார், கூலியும் கூட.

லைலுக்கு இரண்டு கட்சியும் சந்தேகம்தான். வீடியோ போடுகிறவன் சாமான் விற்கிறவனுடைய ஆள். மெர்லோ, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, பெரிய வேலை என்று காட்டுவதற்காகவே வாரக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்கிறவர். யோசித்து யோசித்து, இரண்டு திருடர்களில் தூரத்துத் திருடனே மேல் என்று முடிவு செய்தான். சாமான் வந்தது. ஒரு ஞாயிறு முழுக்கச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரத்தால் தேய்த்தான். லேசாகத் தடவிவிட்டாலே போதும் என்கிற இடத்தில், வந்த சாமானையும் நம்பாமல், தன் திருப்திக்குத் தேய்த்தான். விசை இப்போது வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது என்று போனில் பெருமை வேறு.

அடுத்த சனிக்கிழமை அவன் ஒரு தரம் இழுத்தான், இரண்டு குண்டு வெடித்தது. இரண்டாவது குண்டு தட்டுகளுக்கு மேலே, குண்டைத் தடுக்கும் மண்மேட்டின் உச்சியை உரசிக்கொண்டு போனது. நிறுத்தச் சொன்னேன். துப்பாக்கியைக் காலி செய்ய வைத்து, தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சரிசெய்யும்வரை அதைக் கிளப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொன்னேன். எங்கள் விதி அது. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மெர்லுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிறியா டுவேன்? உனக்கு அதுல எவ்வளவு?"

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தைத் தங்கைக்காக விழுங்கிக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் மெர்லிடம்தான் போனான். போவதற்கு முன்னால் கார்லிஸின் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து, துப்பாக்கியின் உள்பாகங்களைப் பிடித்து நிற்கும் இரண்டு இரும்புப் பின்களின் தலைமேலும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்தான். பின்னைத் தட்டிக் கழற்றாமல் உள்ளே கைவைக்க முடியாது. பின்னைத் தட்டினால் பொட்டு உடையும். கார்லிஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாவம் அந்த மனுஷன், அவரையுமா என்று கேட்டிருக்கிறாள்.

மூன்று வாரம் கழித்துத் துப்பாக்கி வந்தது. லைல் தேய்த்துக் கெடுத்த இரும்புத் துண்டை மெர்ல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடவே கொடுத்திருந்தார். விசை அளவான கனத்தில், வழவழவென்று இருந்தது. ஆனால் பொட்டு இரண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன.

லைலுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சனிக்கிழமை கிளப்பில் காப்பி மேஜையைச் சுற்றி எல்லோரையும் கூட்டி, காலித் துப்பாக்கியை நடுவில் வைத்து, பொட்டைக் காட்டினான். மெர்ல் இதைத் திறக்கவே இல்லை, அலமாரியில் தூங்கவைத்துவிட்டுக் காசு வாங்கியிருக்கிறார் என்றான். பையிலிருக்கிற துண்டு எந்தக் குப்பையிலிருந்து பொறுக்கியதோ என்றான். அன்றைக்கு இரண்டு குண்டு வெடித்ததுகூட மட்டமான தோட்டாவால்தானாம், தன் கைவேலையில் ஒரு குறையும் இல்லையாம். எங்கள் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் தன் துப்பாக்கியும் மெர்லிடம்தான் கிடக்கிறது, அதன் கதி என்னவோ என்று இழுத்தார். ஒரு நல்ல மனிதரின் பெயர் ஒரு கோப்பை காப்பி ஆறுவதற்குள் கெட்டுவிட்டது. பாதுகாப்பு அதிகாரி என்று பட்டம் வைத்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கார்லிஸ் அன்று ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்திருந்தாள். வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு வந்து, துப்பாக்கியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என் கலர் இல்ல லைல். என்னோடது கொஞ்சம் ஊதா அடிக்கும். இது நல்ல செவப்பு. அவர் திறந்திருக்கார், திறந்துட்டு மறுபடி வச்சிருக்கார். அவரைப் பத்தி இப்படிப் பேசாத."

ஒரு மனிதரைக் காப்பாற்றத்தான் சொன்னாள். லைல் பொட்டை உற்றுப் பார்த்தான். அவள் சொல்வது சரி என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். இத்தனை வருஷமாக ஊரார் மேல் விழுந்த அந்தப் பார்வை அவள்மேல் விழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான் எதுக்குப் பொட்டு வச்சேன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். மறுபடி வைக்கணும்னு அவனுக்கு யாரு சொன்னது?"

தான் சொல்லவில்லை என்றாள் கார்லிஸ். அவன் விடவில்லை.

"பின்ன எப்படித் தெரியும்? எதுக்கு அவனுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசற? அந்த மெர்ல் உனக்கு என்ன வேணும்?"

கார்லிஸ் துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், அவன் வண்டியைத் தாண்டி நடந்து, என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெட்டிய பலகாரம் அப்படியே கிடந்தது, யாரும் தொடவில்லை.

அவள் என் வீட்டில் இருந்த முதல் சில நாட்கள் லைல் வரவில்லை. வந்தபோதும் மன்னிப்புக் கேட்க வரவில்லை. மெர்லிடம் நேரில் கேட்கப் போகிறேன், சாட்சிக்கு நீ வா என்று என்னைக் கூப்பிட வந்தான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாய் துறுதுறுத்தது. ஆனால் தங்கை பெயரும் இதில் கிடக்கிறதே என்று போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மெர்லுக்கு எப்படித் தெரிந்தது? இந்த வியாதி ஒட்டுவாரொட்டி.

மெர்ல் வேலையிலிருந்து நிமிர்ந்து, உட்காரச் சொன்னார். லைல் உட்காரவில்லை. பொட்டைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று நேராகவே கேட்டான். மெர்லுக்குக் கேள்வியே புரியவில்லை.

"யார் சொல்லணும்? நெறைய பேர் வைக்கிறதுதானே. சுடும்போது பின் நகருதான்னு பாக்க ஒரு கோடோ பொட்டோ வச்சுக்குவாங்க. நீ வச்சதைத் தட்டினப்ப உடைச்சிட்டேன். எங்கிட்ட எப்படி வந்துச்சோ அப்படித்தான் திருப்பிக் குடுப்பேன். மருந்துக்கடைக்குப் போயி, அதே மாதிரி கலர் தேடி வாங்கிட்டு வந்து வச்சேன். கல்லாவில இருந்த பொண்ணு, யாருக்கு மெர்ல்னு ஒரே கிண்டல்." கொஞ்சம் சங்கடத்தோடு கேட்டார். "ஏன், கலர் சரியா அமையலையா?"

தன்னை லைல் பொறிவைத்துப் பிடிக்கப் பார்த்திருக்கிறான் என்பதே அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. லைலுக்கு முகம் செத்துவிட்டது. மெர்ல் இழுப்பறையிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். எனக்கு இது எதற்கு, கார்லிஸிடம் கொடுத்துவிடு என்றார்.

வண்டியில் வரும்போது லைல் அந்தப் பாட்டிலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் முகத்தில் நிம்மதி. எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. என் வீட்டுச் சமையலறையில் கார்லிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை அவள் முன்னால் வைத்து, மெர்ல் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். தப்பு முழுக்கத் தன்னுடையது, கிளப்பில் எல்லோர் முன்னாலும் மெர்லிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். இப்போது ஒரு சந்தேகமும் இல்லை என்றான். இதைவிடப் பணிவாக லைல் பேசி நான் கேட்டதில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் சொல்லலன்னு நான் சொன்னேன். அப்ப நீ நம்பல. மெர்ல் சொன்னதும் நம்பிட்ட. சரி, இது ஒண்ணு சொல்லு லைல். மெர்ல் இதைத் தூக்கிப் போட்டிருந்தா? கடைக்காரப் பொண்ணு மறந்திருந்தா? காட்ட ஒண்ணுமே இல்லாம, நான் சொல்றது மட்டும்தான் இருந்திருந்தா, என்னை நம்பியிருப்பியா?"

சொல்லித் தொலைடா என்று எனக்கு மனதுக்குள் அடித்துக்கொண்டது. ஒரு 'ஆமாம்' போதும். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பான். ஆனால் லைல் அதையும் எடைபோட்டுப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், யோசித்தான்.

"தெரியல" என்றான்.

கார்லிஸ் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபப்படவில்லை. தன் துணிகளை ஒரு பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தனுப்பச் சொன்னாள், அடுப்பின் எரிவாயுவை மூடிவிட்டுத் தூங்கு என்றும் சொன்னாள். அவன் தன் வண்டியில் ஏறிப் போனான். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவள் அழுதாள். உருளைக்கிழங்கை நான் எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.