தயாவதியின் இடப்பக்கம்

கத்தரிக்காய்க் கூடையைத் தயாவதி இடது இடுப்பில்தான் ஏற்றிக்கொள்வாள். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் கடைத்தெரு வரை ஒரே நடை, இடுப்பு மாற்றமாட்டாள். "அந்தப் பக்கம் கனம் ஏத்தாதம்மா" என்று யாராவது பதறினால், "அங்கதான்பா எடம் காலியா இருக்குது" என்பாள்.

காலிதான். நான்கு வருஷத்துக்கு முன், 1972-ல், தன் இடது சிறுநீரகத்தைத் தம்பி ஜீவந்தரனுக்குக் கொடுத்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, உடம்பெல்லாம் வீங்கி, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று கிடந்தவன் அவன். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். பதினோரு மாதம் வயலுக்குப் போனான், அக்காவோடு சண்டை போட்டான். பிறகு ஒரு சளிக்காய்ச்சல். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுத்த மருந்தே நோயை எதிர்க்கும் பலத்தையும் குறைத்திருந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டான்.

ஆறு மாதம் தயாவதி தெருவில் இறங்கவில்லை. தழும்பின்மேல் கையை வைத்தபடி சுருண்டு கிடந்தாள். தாமதமாகத் துக்கம் விசாரிக்க வந்த மாமா பார்சுவநாதன், "குடுத்தது வீணாப் போச்சேம்மா" என்றார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எது மாமா வீணு? பதினோரு மாசம் என் பக்கத்துல உக்காந்து துன்னான், சிரிச்சான். நெஞ்சுல சளி கட்டிக்கினு போனான். என்னுது கடைசி நாள் வரைக்கும் வேலை செஞ்சிக்கினுதான் இருந்துச்சு. டாக்டரே சொன்னாரு. அது தோக்கல."

மறுநாள் கூடையை எடுத்தவள்தான்.

போன தை மாதம், நெசவாளி செல்லியம்மாள் அவள் கடை முன் வந்து நின்றாள். அவள் தம்பி உமாபதிக்கும் அதே நோய். கொடுக்க ஆசை, பயம். "ஒண்ணை வெச்சிக்கினு தறியில உக்கார முடியுமாக்கா?"

"என்கூட நட" என்று, விற்காத காயோடு கூடையைத் தூக்கிக்கொண்டு தன் ஊர்வரை அவளை நடத்திக் கூட்டிப்போனாள் தயாவதி. வெறுங்கையோடு வந்த செல்லியம்மாளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"என் தம்பி தங்கலம்மா. அதை மறைக்கமாட்டேன். அவன் போனதுக்கு இன்னிக்கும் அழுவறேன். குடுத்ததுக்கு ஒரு நாளும் அழல."

சென்ற வாரம் செல்லியம்மாளும் உமாபதியும் கடைத்தெருவுக்குச் சேர்ந்து நடந்து வந்தார்கள். ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். அவன் கும்பிடக் கையெடுத்தான். தயாவதி அதைக் கவனிக்கவேயில்லை. தராசைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி, அவன் கணுக்காலில் கட்டைவிரலை அழுந்த ஊன்றி எடுத்தாள். வீக்கம் இருந்தால் குழி விழும். விழவில்லை. கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"அந்தக் காலையும் நீட்டு" என்றாள்.