சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம் நடந்தது இது. புதுக்கோட்டைக்கு வெளியே முள்ளுக்காடாகக் கிடந்த பொட்டலில் பெரிய டேட்டா சென்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் செல்போனில் இருக்கும் போட்டோ முதல் பேங்க் கணக்கு வரை எல்லாவற்றையும் வைத்துக் காக்கிற கம்ப்யூட்டர்களுக்கான கட்டடம். அதற்குள் கரண்ட் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது, சூடும் ஏறக் கூடாது. அதனால் அங்கே செங்கல்லைவிட வயரும் பைப்பும்தான் அதிகம்.

நான் வயர்மேன். ஊர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். அதுவரை எங்களுக்கு வீடு கட்டுகிறவர்கள் கூப்பிட்டால்தான் வேலை. அந்தக் கட்டடம் வந்த பிறகு எங்கள் மவுசே வேறு. வெல்டர், பைப் ஃபிட்டர், ஏசி மெக்கானிக், கேபிள் இழுக்கிறவர் என்று யார் கிடைத்தாலும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துபாயிலிருந்து லீவில் வந்த வெல்டர்கள் திரும்பிப் போகவில்லை. ஐடிஐ படித்துவிட்டு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் ஆட்டோவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஸ்பேனர் எடுத்தார். ஊரில் ஃபேன் மாட்ட ஆள் கிடைக்காமல் ஜனங்கள் எங்களைத் திட்டினார்கள். என் வீட்டு அடுப்படியிலேயே சுவிட்ச் ஒன்று இரண்டு மாதம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. "ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்குறவுக வீட்டுல மிக்சி ஓடலையே" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

இன்று நினைத்தாலும் அந்த மாதங்கள் இனிக்கின்றன. தகரக் கொட்டகையில் முப்பது நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் தூக்குச் சட்டியில் யார் கை என்று தெரியாது. ஒருவர் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால், அவருக்கு மிஞ்சுவது வெறும் சோறுதான். எங்கள் தொழிலுக்கு ஒரு காலம் வந்தது என்றால் அது அதுதான்.

அங்கே எனக்குப் பிடிக்காத ஒரே ஆள் சேஃப்டி ஆபீசர். கோட்டைப்பட்டினத்துப் பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். அப்பா போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர் என்று சொல்லியிருந்தாள். தலைமுக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கையில் அட்டையோடு எங்கே பார்த்தாலும் நிற்பாள். அவள் கட்டாயப்படுத்திய விஷயங்களில் எனக்கு எரிச்சலூட்டியது பூட்டுதான். கரண்டை நிறுத்திவிட்டு வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் அந்தக் கரண்டை நிறுத்துகிற பிரேக்கர் சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அவரவர்தான் கழற்ற வேண்டும். சாவியை அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது. ஒரு பூட்டு தொங்கினாலும் கரண்ட் விட முடியாது. இருபது வருஷமாகக் கம்பத்தில் ஏறி இறங்குகிற எனக்கு ஒரு சின்னப் பெண் பூட்டும் சாவியும் கொடுக்கிறாளே என்று பொருமுவேன். அவளுக்குப் 'பூட்டம்மா' என்று பேர் வைத்ததும் நான்தான்.

அன்றைக்கு மதியத்துக்கு மேல் எனக்கு லீவு. மறுநாள் காலை ஆவுடையார்கோவில் பக்கத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரியிடம் செய்யச் சொல்லியிருந்த தோட்டைக் காலையிலேயே வாங்கி, என் சாமான் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். தூசி படாமல் இருக்கட்டும் என்று பையை வழக்கம்போல நாங்கள் வேலை பார்த்த பேனலின், அதாவது கேபிள்கள் வந்து சேரும் பீரோ மாதிரியான மின்பெட்டியின் பின்பக்கம், கேபிள் இறங்கும் இடத்தில் தள்ளிவிட்டிருந்தேன். உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்பதும் பூட்டம்மாவின் சட்டம்தான். அதையும் நான் மதித்ததில்லை.

பன்னிரண்டரைக்கு என் பங்கு வேலை முடிந்தது. பூட்டைக் கழற்ற வேண்டுமென்றால் அடுத்த கட்டடத்தில் இருக்கும் பிரேக்கர் அறைக்குப் போய், கையெழுத்துப் போட்டு வர வேண்டும். மூன்று மணிக்குத்தான் கரண்ட் விடுவதாகப் பேச்சு. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு. கூட வேலை பார்த்த ஊர்க்கார நண்பரிடம் சாவியைக் கொடுத்து, "ஒங்க பூட்டக் கழட்டும்போது எம்பூட்டையும் கழட்டி வச்சிருங்க" என்றேன். எங்கள் ஊரில் வெளியூர் கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அதே நினைப்பில் கொடுத்தேன். அவரும் அதே நினைப்பில் வாங்கிக்கொண்டார்.

கேட்டில் வெளியேறியதற்குப் பதிவு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாப் வரை நடந்த பிறகுதான் தோள் காலியாக இருப்பது உறைத்தது. பையை எடுக்கவில்லை. தோடு இல்லாமல் போய் நின்றால் சபையில் தங்கை முகத்தை எப்படிப் பார்ப்பது? வந்த வழியே ஓடினேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நம்ம ஆள்தானே என்று பதிவு எதுவும் போடாமல் விட்டுவிட்டார். செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால், அதை மட்டும் அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனேன்.

பேனல் அறையில் யாரும் இல்லை. பேனலின் பின்கதவைச் சாத்தியிருந்தார்கள், திருகு மாட்டவில்லை. திறந்தேன். பையின் வார் ஒரு கேபிளுக்குப் பின்னால் சிக்கியிருந்தது. மணி ஒன்றரைதானே, இன்னும் நேரம் இருக்கிறது என்று மண்டியிட்டு, தோள் வரை கையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.

அதே நேரம் அடுத்த கட்டடத்தில் நடந்ததை நண்பர் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் மூன்று மணி வரை காத்திருக்க வேண்டாம் என்று பெரிய இன்ஜினியர் சொல்லிவிட்டார். எல்லோரும் வரிசையாக வந்து பூட்டைக் கழற்றினார்கள். நண்பர் இரண்டு பூட்டைக் கழற்றினார். அந்தப் பெண் அட்டையிலிருந்த பெயர்களைப் பார்த்தபடியே, ஒரு ஆள் குறைகிறதே என்று கேட்டாள். அவர் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, கேட்டிலேயே பதிவு இருக்கிறது என்றார்கள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் கேட் பதிவைக் காட்டினார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனிக்காரர்கள் வந்து காத்திருக்கிறார்கள், நேரமாகிறது என்று இன்ஜினியர் கடிந்துகொண்டார். கிளம்பிப் போனவர் குரலை மட்டும் கேட்டுவிடுகிறேன் சார் என்று அங்கிருந்த ஆபீஸ் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்தாள்.

எடுத்தது வாட்ச்மேன். "அவரு எதையோ மறந்துட்டாருன்னு திரும்பி உள்ள போனாரும்மா" என்றார்.

பிரேக்கர் அருகில் நின்றவர்களை அப்படியே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம், திடீரென்று வாசலில் ஹெல்மெட் தரையில் விழுந்து உருளும் சத்தமும், அதன்பின் அவள் குரலும்தான்.

"அண்ணே, கையை வெளிய எடுங்க."

எடுத்தேன். பையும் கூடவே வந்தது. நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு, சாவியைத்தான் ஆளிடம் கொடுத்துவிட்டேனே, எதற்கு இந்தப் பதற்றம் என்றுகூடக் கேட்டேன். அவள் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. பூட்டெல்லாம் கழன்றுவிட்டது, கரண்ட் விடுவதற்குக் கையை வைத்தாயிற்று என்று பின்னால் வந்த நண்பர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. நண்பர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த இரண்டு பூட்டையும் கழற்றியது அவர் கை அல்லவா.

கொஞ்ச நேரம் கழித்து, கேட்டில் பதிவு இருந்தும் ஏன் நம்பவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுல அப்பா கடலுக்குப் போன அன்னிக்கி, போட்டு கரைக்கி வந்துருச்சுன்னு பத்துப் பேரு சொன்னாலும் அம்மா நம்ப மாட்டாங்கண்ணே. ஆளக் கண்ணால பாத்தாத்தான் சோத்துக்கு ஒல வைப்பாங்க. எனக்கும் அப்புடியே பழகிப்போச்சு" என்றாள்.

இவ்வளவு கனிவாகச் சொன்னவள் ரிப்போர்ட்டில் ஒரு வரி குறைக்கவில்லை. எனக்கும் நண்பருக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரு வாரம் வேலை கிடையாது. திரும்பி வந்ததும் புது ஆட்களோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாதுகாப்பு வகுப்பு கேட்க வேண்டும். "எழுதாம விட்டா நாளைக்கி இன்னொருத்தர் சாவியக் குடுப்பாருண்ணே" என்றாள். எனக்குக் கோபமே வரவில்லை.

மறுநாள் காதுகுத்தில் குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதபோது, நானும் சேர்ந்து அழுதேன். தாய்மாமனுக்கு இவ்வளவு இளகிய மனசா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். தங்கையிடம்கூட அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

கட்டடம் முடிந்து ஒரு வருடமாகிவிட்டது. சுற்றிலும் உயரமான வேலி. பக்கத்தில் போனால் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும். உள்ளே ஓடுகிற கேபிளில் பாதி நாங்கள் இழுத்தது, ஆனால் இப்போது எங்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. கூடச் சாப்பிட்டவர்கள் சென்னை, ஓசூர் என்று இதே மாதிரி வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணும் எங்கோ வேறு சைட்டுக்கு மாறிப் போனாள். போகிற அன்று ஒரு டீ வாங்கிக் கொடுத்தேனே தவிர, நன்றி என்ற வார்த்தை கடைசி வரை என் வாயிலிருந்து வரவில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவன் நான்.

இப்போது ஒரு சின்ன வீட்டில் வேலை பார்த்தாலும், மெயினைப் போடுவதற்கு முன் கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரையும் என் எதிரே வந்து நிற்கச் சொல்கிறேன். கொல்லைப்பக்கம் இருக்கிறார், வந்துவிடுவார் என்றால் கேட்பதில்லை. வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும், அவளிடம் சொல்லாமல் விட்ட நன்றியை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.