உள்ளே இரண்டு அங்குலம்

ரெக்ஸ்டேலில் ஒரு பழைய பண்டகசாலையை ஃபேஷன் ஹப் ஆக்கியிருக்கிறார்கள். ஆபிரிக்க வடிவமைப்பாளர்களுக்கு அங்கே வெட்டுமேசை, தையல் இயந்திரம், படம் எடுக்க ஒரு வெள்ளைச் சுவர் எல்லாம் உண்டு. முக்கியமாக, வெளிநாட்டுக் கடைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவார்கள். உலகச் சந்தைக்கு அதுதான் வழியாம். நான் அங்கே போனதற்கு உயர்ந்த காரணம் ஏதுமில்லை. மார்க்கம் நகரிலிருந்து மனைவியை ஏற்றி இறக்கும் சாரதி நான். என் இலக்கிய வாசிப்பெல்லாம் கார்த் தரிப்பிடங்களில்தான் நடக்கிறது.

கானாவிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்திக்கு ஆறு மாதிரி ஜக்கெற் தைக்க ஆள் தேவைப்பட்டது. ஆறு நிறம், ஒரே அளவு. லண்டனிலிருந்து வரும் கடைக்கார அம்மையாருக்குப் பிடித்தால் அங்குள்ள கடைகளுக்குப் போகும். பிடிக்காவிட்டால் ஹப்பில் அவளுடைய இடம் வேறொருவருக்கு. என் மனைவி இருபது வருடமாக எங்கள் பேஸ்மென்றில் சாரிச் சட்டை தைப்பவள். வேலை அவளிடம் வந்தது.

தையலுக்கு உள்ளே அரை அங்குலம் துணி விட்டால் போதும் என்று பெண் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"உது காணுமே? உடம்பு உப்பிடியே நிக்குமே?" என்று மனைவி இரண்டு அங்குலம் விட்டாள். எங்கள் சனத்தின் சட்டைகளுக்குள் வருங்காலத்துக்கும் கொஞ்சம் துணி இருக்கும்.

அம்மையார் வந்ததும் ஜக்கெற்றின் வெளிப்புறத்தைப் பார்க்கவேயில்லை. உள்ளே புரட்டினார். இது என்ன என்று கேட்டார். பெண் மனைவியைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஆக்கள் கொழுப்பினம் எண்டு சொல்லுங்கோ."

படித்தவன் அல்லவா, "உடலோடு வளரும் ஆடை" என்று ஆங்கிலத்தில் உயர்த்திச் சொன்னேன். அம்மையார் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். இடுப்பு தடிப்பாகத் தெரிகிறது, வெட்டிவிடுங்கள், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

பெண் அழவில்லை. கத்தரிக்கோலை நீட்டினாள். "அன்ரி, பிளீஸ்." கானாவிலும் மூத்த பெண்கள் எல்லோரும் அன்ரிதானாம்.

"நல்ல துணியை வெட்டி எறியிறது பாவம், பிள்ளை," என்று மனைவி சொல்லிச் சொல்லி வெட்டினாள். தமிழ் தெரியாத பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் அயர்ன் பண்ண உதவினேன். ஒரு கொலர் லேசாகப் புகைந்தது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் போய்க் காருக்குள்ள இருந்து புத்தகம் வாசியுங்கோ." நான் கதவுவரைதான் போனேன்.

ஐந்து ஜக்கெற் வெட்டி முடிந்தபோதே அம்மையார் திரும்பிவிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். நீலத்தை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தார். பொத்தான் துளைவரை வரவில்லை. இழுத்தார். மூச்சைப் பிடித்தார். எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.

"நான் சொன்னனான்," என்றாள் மனைவி. நல்லகாலம், தமிழில்.

வெட்டாமல் மிஞ்சிய ஆறாவதை எடுத்தாள். இரு பக்கத் தையலையும் பிரித்து, அகட்டித் தைத்து, பத்து நிமிடத்தில் அம்மையாருக்கு மாட்டிவிட்டாள். பொத்தான் நிதானமாக உள்ளே போனது.

ஓடர் கிடைத்தது. பெண் மனைவியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். கடைகளுக்கு மட்டும் அரை அங்குல மாதிரிதான் வேண்டுமாம், அதுதான் அழகாம். அதைச் சொல்லிவிட்டு அம்மையார், ஆறாவதைக் கழற்றாமலே விமான நிலையத்துக்குப் போனார்.