இரண்டாவது கோப்பை

லியோனா குபியாக் ஒரே வேடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு முறை தயாரானவள். இருநூற்றுப் பன்னிரண்டு முறையும் அதைக் கட்டாமலே அறைக்குத் திரும்பியவள். நியூயார்க்கில், நாற்பத்தைந்தாம் தெருவில் இருந்த நாடகக் கொட்டகையில் அவளுக்கு அதுதான் வேலை. கதாநாயகி காரின் தேயர் வர முடியாத நாளில் அந்த இடத்தில் இவள் நடிக்க வேண்டும். காரினுக்கோ கல்லைப் போன்ற உடம்பு. எட்டு மாதத்தில் ஒரு தும்மல்கூட வரவில்லை.

இருவரும் தோழிகள். பஃபலோ நகரத்து ரொட்டிக்கடைக்காரரின் மகளான லியோனாவும், எங்கிருந்தோ வந்த காரினும் ஊர் ஊராய்ப் போகும் ஒரே குழுவில் தொடங்கியவர்கள். நியூயார்க்கில் ஒரே அறை. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல கறுப்புக் கோட்டு. வாய்ப்புக் கேட்கப் போகும் நாளில் முறை வைத்து அணிவார்கள். இந்த நாடகத்துக்கு ஆள் எடுத்த அன்று முறை காரினுடையது. கோட்டு நடந்து போய் வேடத்தை வாங்கி வந்தது என்றே லியோனா நம்பினாள். ஆயுள் முழுக்க நம்பினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, பிப்ரவரி மாதத்து ஒரு புதன்கிழமை. இரண்டரைக்கு மதியக் காட்சி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவிலிருந்து ஒரு படக் கம்பெனிக்காரர் காரினைப் பார்க்க வருகிறார், மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி அவருக்கு என்று கொட்டகை முழுக்கப் பேச்சு. லியோனாவும் கேட்டாள்.

கொட்டகையின் பின்வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நடிப்பவர்கள் அத்தனை பேரும் திரை தூக்க அரைமணி நேரம் இருக்கும்போதே அதில் தங்கள் கையால் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் வராதவர். பிறகு ஓடி வந்து அழுதாலும் மேடை மேலாளர் டன்னிங் அசைய மாட்டார். ஆனால் தாமதமாகிறவருக்குத் தோழர் யாராவது போட்டுவிடுவதும் உண்டு. அப்போது வாசல்காவலர் கஸ் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். எல்லோருக்கும் தெரிந்த சின்னக் களவு.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசல் தொலைபேசி அடித்தது. லியோனாதான் எடுத்தாள்.

"லியோ, பாலத்து மேல வண்டி நின்னுபோச்சுடி. இறங்கி நடந்தே வந்துட்டேன், மருந்துக் கடையிலேருந்து பேசறேன். இருபது நிமிஷத்துல அங்க இருப்பேன். என் பேரைப் போட்டு வைடி."

"போடறேன், நீ வா," என்றாள் லியோனா.

தாளில் காரினின் பெயருக்கு நேரே மட்டும் வெற்றிடம். பென்சில் நூலில் தொங்கியது. தொலைபேசியில் பேசியது காதில் விழுந்ததாலோ என்னவோ, கஸ் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார். லியோனா பென்சிலைப் பிடித்தாள். மூன்றாவது வரிசை நாற்காலி கண்முன் வந்தது. விரல்கள் தாமாகத் திறந்தன. பென்சில் ஆடிக்கொண்டே இருந்தது, இரண்டு மணி அடிக்கும்வரை.

டன்னிங் வந்து தாளைக் கிழித்தெடுத்தார். "இன்னைக்கு நீங்கதாம்மா," என்றார்.

ஏழு நிமிடம் கழித்துக் காரின் வந்தாள். தலைமுடியெல்லாம் பனி. மேடையில் தான் அணியும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு லியோனா நிற்பதைப் பார்த்தாள்.

"கஸ் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே இருந்தாருடி. போட முடியல," என்றாள் லியோனா.

காரின் வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஊசி நூலை எடுத்தாள். கவுன் இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து, விறைத்த விரல்களால் மடித்துத் தைத்தாள். "கடைசிக் காட்சியில நல்லா அழு. மேல்மாடியில கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்கும் கேக்கணும்," என்றாள். ஒவ்வொரு தையலும் தன் சதையில் இறங்குவதாக லியோனாவுக்கு இருந்தது.

அது ஒரு மாலுமியின் மனைவி கதை. தினமும் அவள் மேசையில் இரண்டு கோப்பை வைத்துக் காத்திருப்பாள். கடைசியில் கணவன் கடலோடு போனதாகத் தந்தி வரும். தந்தியைப் படித்துவிட்டுக் காரின் கதறுவாள். அவள் கதறலுக்கே கைக்குட்டையோடு வருபவர்கள் உண்டு.

லியோனா தந்தியைப் படித்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த கண் அப்போதுதான் மூன்றாவது வரிசைக்குப் போனது. நாற்காலி காலி. 'இன்று காரின் தேயர் நடிக்கவில்லை' என்று நிகழ்ச்சித் தாளுக்குள் செருகியிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்ததுமே அந்த மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். யாருக்காகத் துரோகம் செய்தாளோ அவரே இல்லை. கண்ணீர் கண்ணிலேயே காய்ந்து போனது. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டாவது கோப்பையை எடுத்தாள். கவுன் மேல் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள். திரை விழுந்தது.

மறுவாரம் படக்காரர் திரும்ப வந்தார். காரின் கலிபோர்னியாவுக்குப் போனாள். அவள் இல்லாமல் நாடகம் நடத்த முதலாளிக்கு மனமில்லை, நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் லியோனாவுக்கு ஒரு கடிதமும் ரயில் டிக்கெட்டும் வந்தன. உன் உயரமும் என் உயரமும் ஒன்று, இங்கே வேலை இருக்கிறது, வா என்று காரின் எழுதியிருந்தாள்.

வேலை, நிற்பது. காரின் நிற்க வேண்டிய இடத்தில், தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட கோட்டின் மேல் லியோனா நிற்க வேண்டும். அவள் முகத்தின் மேல் விளக்குகளைச் சரி பார்ப்பார்கள். எல்லாம் சரியானதும் அவள் விலக, காரின் புதுப் பவுடரோடு வந்து நிற்பாள். கேமரா அப்போதுதான் ஓடும். பதினோரு வருடம் இப்படிப் போனது. இரண்டு முறை நியூயார்க்கிலிருந்து நாடகத்துக்கு அழைப்பு வந்தது. நாடகத்தை நம்பிப் போகாதே என்று இரண்டு முறையும் காரின் கையைப் பிடித்துத் தடுத்தாள். எத்தனை நல்லவள் இவள் என்று லியோனா குமைந்தாள். நீச்சல் குளத்தை, நிலைக்கண்ணாடியை, அடுத்தடுத்து வந்த இரண்டு கணவர்களைப் பார்த்து வெந்தவள், அந்த நல்ல குணத்தைப் பார்த்துத்தான் மிக அதிகமாக வெந்தாள்.

காலம் தன் கணக்கைத் தீர்த்தது. நாற்பது வயதில் காரினைக் கம்பெனி கைவிட்டது. லியோனாவுக்கு உடம்பு போட்டது. அந்த உடம்புக்கு வேலை வந்தது. நர்ஸ், விடுதிக்காரி, பிறகு தொலைக்காட்சித் தொடரில் ரொட்டிக்கடைக்காரர் மனைவி. மாவு பிசைய அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஒரு நாள் இருவரும் கடைக்குப் போனார்கள். கல்லாவில் இருந்த பெண் லியோனாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாரம் தவறாமல் அம்மாவும் நானும் உங்களைப் பார்க்கிறோம் என்று கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு காய்கறிப் பைகளைத் தூக்கிக் காரினிடம் நீட்டி, "உங்க எஜமானியம்மா சாமானெல்லாம் வண்டியில வச்சிருங்க," என்றாள்.

காரின் பைகளை வாங்கிக்கொண்டாள். கொண்டுபோய் வண்டியில் வைத்தாள். லியோனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தும் வண்டியைக் கிளப்பவில்லை.

"கஸ் அன்னிக்கே சொல்லிட்டாரு," என்றாள். "பேப்பரைத் தூக்கிப் பிடிச்சேன், அந்தப் பொண்ணு பென்சிலை விட்டுட்டான்னு."

இருபத்தொரு வருடப் பொய் இப்படிக் காய்கறிப் பைகளுக்கு நடுவில் உடைந்தது. லியோனா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். காரின் விடவில்லை.

"அதுக்காக உன்னை கலிபோர்னியாவுக்கு இழுத்துட்டு வரலடி. அதை அன்னிக்கே மறந்துட்டேன். நான் திரைக்குப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எட்டு மாசம் நான் கதறினதைவிட நீ நல்லாப் பண்ணின. உன்னை நியூயார்க்ல விட்டு வச்சா ரெண்டே வருஷத்துல என் பேரு இருக்காதுன்னு தோணிச்சு. அதான் டிக்கெட் அனுப்பினேன். கேமரா ஓடாத இடத்துல உன்னை நிக்க வச்சேன். பதினோரு வருஷம். இப்ப திட்டு. என்ன வேணா திட்டிக்கோ."

குத்துவதற்காகவே சொன்னாள். கடைப் பெண் நீட்டிய பைகளின் எரிச்சலில் சொன்னாள். தோழி கதறுவாள், அறைவாள், கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போவாள் என்று ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக் காத்திருந்தாள்.

லியோனாவின் முகத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது. இருபத்தெட்டு வயதில் வாய்ப்புக் கேட்கப் போகையில் ஏறிய அதே சிவப்பு.

"எந்த இடத்துலடி?" என்று கேட்டாள்.

"என்ன?"

"நல்லாப் பண்ணினேன்னியே. எந்த இடத்துல?"

காரின் கண்களை மூடிக்கொண்டாள். "அந்தக் கோப்பையைத் துடைச்சு வச்சியே," என்றாள். "அங்க."

லியோனா கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள். தோழியின் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொல்லு," என்றாள்.