முத்துராசின் கேவிட்டியும் மன்னவனூர் விருந்தும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மன்னவனூர் போனேன். இயற்கையை ரசிக்கப் போனதாக எழுத ஆசைதான். ஆனால் போனது வயிற்றெரிச்சலோடு. ஆய்வகத்தில் என்னோடு ஆறு வருடமாக வேலை பார்க்கும் முத்துராசின் கேவிட்டி சோதனையில் தேறிவிட்டது, என்னுடையது தேறவில்லை. அதற்கு அவன் வீட்டில் கறி விருந்து. போகாவிட்டால் பொறாமை என்பார்கள். (பொறாமைதான்.)

கேவிட்டி என்பது நியோபியம் உலோகத்தில் செய்த, வரிசையாக வயிறு புடைத்த குழாய். மைனஸ் 271 டிகிரிக்குக் குளிரவைத்தால் அதில் மின்தடை ஏறக்குறைய இல்லாமல் போகும். உள்ளே ரேடியோ அலையை ஏற்றி, அணுவைவிடச் சின்னத் துகள்களை வேகமாகத் தள்ளலாம். ஒரு தூசு இருந்தாலும் கெட்டது. வேகமாகக் காற்றை உறிஞ்சினால் தூசு கிளம்பி உள்ளே படியும். அதனால் கழுவி மூடியபின் காற்றை உறிஞ்சும் வால்வை ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்போம். அவனுக்கு முன்னால் முடிக்கிற வெறியில் நான் பத்தே நிமிடத்தில் திறந்தேன். பதிவேட்டில் ஒரு மணி நேரம் என்று எழுதினேன். சோதனையில் அது தேறாதபோது பழி குழாயின் வெல்டிங் மேல் போனது. தூசு என்றால் மறுபடி கழுவலாம். வெல்டிங் குறை என்று முடிவானதால் அடுத்த திங்கட்கிழமை என் கேவிட்டியைக் கழித்துவிடுவதாக இருந்தார்கள்.

வத்தலக்குண்டில் காலை 5.40 பேருந்து. கொடைக்கானல் 55 கி.மீ., 8.10க்கு இறங்கினேன். 8.45க்கு மன்னவனூர் வண்டி, 35 கி.மீ., நாற்பது ரூபாய்.

"மன்னவனூர்ல என்ன சோலிங்க? ஆட்டுப் பண்ணை பாக்கவா?" என்றார் கண்டக்டர்.

"கூட்டாளிய வாழ்த்த."

"அதுக்கு ஏங்க மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

10.20க்கு இறங்கினேன். முத்துராசு அவன் அப்பாவோடு தொட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தான். ஊரே அவனைக் கொண்டாடுகிறது, அவனோ சேற்றில் நிற்கிறான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"ஏலே, ஒன்னோடத நெனச்சா எனக்குத் தூக்கமே வரல. வால்வ மெதுவாத்தான தொறந்த?" என்றான்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் கேவிட்டிக்காக அவன் தூக்கம் கெட்டிருக்கிறான். அவனுடையது தேறிய அன்று, அது கெட்டுப்போகாதா என்று நான் விழித்துக் கிடந்தேன்.

"பத்து நிமிசந்தான். ஒன்ன முந்தணும்னு தொறந்தேன். பொய் எழுதிட்டேன்."

திட்டுவான் என்று நின்றேன். "அப்ப வெறும் தூசுதாம்லே! கழுவுனா பொழச்சுக்கும்!" என்று ஈரக் கையோடு குதித்தான். உடனே எங்கள் தலைமை விஞ்ஞானிக்குப் போன் போட்டு, என்னிடம் நீட்டினான். "நீயே சொல்லு."

சொன்னேன். காது கூசும்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுபடி கழுவ ஒத்துக்கொண்டார், ஆனால் அடுத்த கேவிட்டி என் கைக்கு வராது.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம், பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் வண்டி நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். சொந்தக் காரில் கொடைக்கானல் போனால் இ-பாஸ் வேண்டும்.

என் கேவிட்டி இப்போது தேறிவிட்டது. முதலில் கைதட்டியது முத்துராசுதான். அவனுடைய கேவிட்டி மேல் எனக்கு இருந்த பொறாமை போய்விட்டது. அந்தக் கைதட்டல் மேல் வந்திருக்கிறது.